ஹீட்டர் ரூமைத் திறக்கச் சொன்னவர்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். குன்னூர்ப் பக்கம் ஜெகதளாவுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிற எங்கள் கம்பெனியில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பிரேக் லைனிங், அதாவது சக்கரத்தை உரசி நிறுத்துகிற கெட்டிப் பட்டை, செய்தோம். அதில் இன்ஸ்பெக்‌ஷன் மேசை என்னுடையது. அடுத்தவர் பாடுபட்டுச் செய்த பொருளைக் கையில் வாங்கி, இதில் எங்கே கோளாறு என்று தேடுவதுதான் வேலை. தேடித் தேடி அது குணமாகவே ஆகிவிட்டது. "நீ பாக்குற பார்வைக்குக் கத்தரிக்காயே வாயைத் தொறந்து, எனக்குள்ள புழு இருக்குதுன்னு சொல்லிரும்" என்பார் என் வீட்டுக்காரர்.

போன வாரம் விமலா போன் செய்தாள். என்னிடம் வேலை பழகி, இப்போது அதே மேசையில் உட்கார்ந்திருப்பவள். நொடித்துக் கிடக்கும் வண்டி உதிரிபாகக் கம்பெனிகளுக்கு அரசாங்கம் மறுபடியும் கை கொடுக்கப் போகிறதாம். எங்கள் கம்பெனிக்கும் ஒரு அதிகாரி வருகிறாராம். போன தடவை நடந்ததை நான் கூடவே இருந்து பார்த்தவள் என்பதால், நம்பலாமா என்று என்னைக் கேட்டாள். போனில் சொல்லி முடிகிற சங்கதியா அது? எழுதித் தருகிறேன், சாவகாசமாகப் படி, மற்றவர்களுக்கும் காட்டு என்று சொல்லிவிட்டேன்.

நான் வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா அரசாங்க வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருந்தார். நான் ஐடிஐ படித்துவிட்டு இங்கே வந்தேன். அப்போதிருந்த இன்ஸ்பெக்டர் என் கையில் ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்து, தட்டிக் கேள் என்றார். அவ்வளவுதான் பயிற்சி. உடைந்த பானை ஓட்டைப் போல வளைந்திருக்கும் லைனிங்கின் ஒரு முனையை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, நடுவில் லேசாகத் தட்ட வேண்டும். ணங்கென்று கேட்டால் உள்ளே கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ பிளவு. பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மேலே கொப்பளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கனம் அளக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே முத்திரை. அந்த முத்திரைக் கட்டையை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. டீ குடிக்கப் போனாலும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டுதான் போவேன்.

இதில் என்ன இவ்வளவு கெடுபிடி என்று சமவெளிக்காரர்கள் கேட்கலாம். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்ஸில் ஒரு தடவை டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து வந்தால் தெரியும். வண்டி என்னதான் சின்ன கியரில் முனகிக்கொண்டு இறங்கினாலும், வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொடாமல் முடியாது. பாதி மலை இறங்கி பர்லியார் வருவதற்குள் சக்கரத்துப் பக்கம் கருகல் வாசம் அடிக்கும். பாதிப் பேர் வாந்தி வருகிறது என்று எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு தூங்குவார்கள். அந்த வாசத்துக்குள் இருப்பது எங்கள் லைனிங். அது சூட்டில் பிளந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஊரடங்கு முடிந்த கையோடு கம்பெனி படுத்துவிட்டது. பஸ்களே ஓடாமல் நின்றபோது லைனிங் யாருக்கு வேண்டும்? முதலாளி சென்னையில் இருந்தார். எங்களுக்கு மாதத்தில் பாதி நாள் வேலை, மீதி நாள் வீட்டில் இரு என்றார்கள். அதற்குள் இரண்டு முறை வெளியூர்க் கார்கள் வந்து, கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற சரிவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போயின. பள்ளத்தாக்கைப் பார்த்த இடம், நல்ல காற்று, பக்கத்திலேயே தேயிலைத் தோட்டம். ரிசார்ட் கட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? கம்பெனி ஓடுவதைவிட மூடிக்கிடந்தால்தான் முதலாளிக்கு லாபம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று இன்றைக்கும் எனக்கு யாரும் நிரூபிக்கவில்லை.

அப்போதுதான் அரசாங்கம் கம்பெனியைக் காப்பாற்றப் போவதாக அறிவிப்பு வந்தது. பாதிப் பங்கை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். அரசு பஸ்களுக்கு லைனிங் எங்களிடம் வாங்குவார்கள். ஆள் குறைக்கக் கூடாது, பல வருஷமாக கான்ட்ராக்டில் இருப்பவர்களை நிரந்தரம் செய்ய வேண்டும். ஆனால் முதலில் அனுப்பும் சரக்கை மலைப்பாதை பஸ்ஸில் மாட்டி ஓட்டிப் பார்ப்பார்கள். அது தேறினால்தான் மற்ற எல்லாம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எங்கள் யூனியன் தலைவர் பெள்ளி அண்ணன் கேன்டீனில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது ஒருவரும் கை தட்டவில்லை. இத்தனை நல்லதை ஒரே காகிதத்தில் எழுதியிருந்தால் யாருக்குத்தான் நம்பிக்கை வரும்?

அதை நடத்திக் கொடுக்க வந்தவர்தான் ராமலிங்கம் சார். ஐம்பது தாண்டிய, ஒல்லியான மனிதர். குளிர் ஒத்துக்கொள்ளாமல் காதை மறைத்து மஃப்ளர் சுற்றியிருப்பார். நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மெஷின் மெஷினாக நின்று வேடிக்கை பார்ப்பார். கூட்டுகிற அம்மாவிடம்கூட "வாங்க, சொல்லுங்க" என்றுதான் பேசுவார். குரலை உயர்த்தியதே கிடையாது. அதுதான் எங்களை ரொம்பவும் பயமுறுத்தியது. அரட்டுகிற அதிகாரி என்ன செய்வார் என்று தெரியும். இப்படிக் குழைகிறவர் கணக்கை முடித்துவிட்டுப் போகத்தான் வந்திருப்பார் என்று பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

ஆடி மழை பிடித்தது. எங்கள் பக்கத்து ஆடி மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். துவைத்த துணி வாரக்கணக்கில் காயாது. காய்ந்த மாதிரி இருப்பதை எடுத்துப் போட்டால் முதுகில் சில்லென்று ஒட்டும். அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, குழந்தைகள் துணியை முதலில் போட்டு, பெரியவர்கள் ஈரத்தோடேயே நடமாடுவார்கள். ஷிஃப்டுக்கு நடந்து வருகிற பெண்கள் நனைந்த ஸ்வெட்டரோடேதான் மெஷினில் நிற்பார்கள்.

பிரஸ்ஸில் அழுத்தி லைனிங் ஆக்குகிற கலவைப் பொடியைத் தட்டில் பரப்பி, ஈரம் போகக் காயவைக்க ஒரு அறை உண்டு. சுவரெல்லாம் சூடான குழாய் ஓடும். ஹீட்டர் ரூம் என்போம். பழைய மேனேஜர்கள் காலத்தில் அது எப்போதும் பூட்டியே இருக்கும். பொடித் தட்டு எடுக்கப் போகிறவர்கள் மட்டும் சாவி வாங்குவார்கள். ராமலிங்கம் சார் வந்த புதிதில், பிரஸ்ஸில் நின்ற தவமணி நனைந்த ஸ்வெட்டரில் உதறிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். ஹீட்டர் ரூம் சும்மாதானே சூடாக இருக்கிறது, அதில் போய்க் காயப் போடட்டுமே, பூட்ட வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டார். மலைக்குப் புதியவர். பொடியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? தெரிந்த எங்களில் எத்தனையோ பேருக்கும் அந்தக் கதகதப்பில் அது மறந்துபோயிற்று. முதலில் ஸ்வெட்டர் போயிற்று. பிறகு சாக்ஸ், பிறகு கம்பளி. கொஞ்ச நாளில் வீட்டிலிருந்து பிள்ளைகளின் யூனிபார்மைப் பையில் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். அவர் செய்த எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட ஜனங்கள் இதை மட்டும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். நான் என் ஸ்வெட்டரை அங்கே போடவில்லை. நல்ல புத்தி என்று நினைத்துவிட வேண்டாம். இலவசமாகத் தருகிற சூட்டுக்கு என்றைக்காவது சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நினைத்தேன்.

சோதனைச் சரக்கு செய்யத் தொடங்கியபோதுதான் கொப்பளம் வந்தது. பிரஸ்ஸிலிருந்து வந்த லைனிங்கைத் தட்டினால் பொத், பொத் என்றது. மேலே அம்மை போட்டது போல மேடு. கலவையில் சேர்கிற பிசின் பொடியை விற்ற கம்பெனியிலிருந்து வந்தவர் இது ஈரத்தால் வருகிறது, எங்கள் பொடியில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஜி.எம்., முதலாளியின் ஆள், பிசின்தான் மட்டம் என்றார். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கூரையில் ஏறிப் பார்த்தோம். ஒழுகவில்லை.

எனக்கு மூக்கு வியர்த்தது. நான் கவனித்த ஒரு விஷயம் என்னவென்றால், திங்கட்கிழமை வருகிற சரக்கு ணங்கென்று இருக்கும். செவ்வாயிலிருந்து மட்டமாகும். திங்கட்கிழமைக்கு எங்கள் கம்பெனியில் என்ன விசேஷம்? ஜி.எம். சனிக்கிழமை கோயமுத்தூர் போனால் திங்கள் சாயங்காலம்தான் திரும்புவார். ஆக, அவர் இல்லாதபோது சரக்கு நன்றாக இருக்கிறது, அவர் இருந்தால் கெடுகிறது. ரிசார்ட்டுக்காக ஆளை வைத்துப் பொடியில் தண்ணீர் தெளிக்கிறார் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிஃப்ட் தொடங்குமுன்பே ஹீட்டர் ரூமில் போய், பொடித் தட்டு ரேக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஜி.எம். வரவில்லை. அவருடைய ஆளும் வரவில்லை. வந்தவர்கள் எங்கள் பெண்கள்தான். ஒவ்வொருத்தியாக வந்து சொட்டச் சொட்ட ஸ்வெட்டரைப் பிழிந்து குழாயில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த அறை, இட்லிப் பானையைத் திறந்தது போல ஆவி கட்டி நின்றது. என் மூக்குக் கண்ணாடி மங்கிப்போயிற்று. பக்கத்திலேயே திறந்த தட்டுகளில் எங்கள் பொடி அத்தனை ஆவியையும் குடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு, துணி வராது, பொடி காயும். திங்கட்கிழமையின் விசேஷம் அவ்வளவுதான். ஜி.எம். மேல் பழி போட முடியாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ராமலிங்கம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படி நழுவப் போகிறார் என்று. நேராக ஹீட்டர் ரூமுக்கு வந்தார். துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெண்களிடம் மெதுவாகச் சொன்னார். பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார்.

செய்தி கேட்டு ஜி.எம். வாட்ச்மேனோடு வந்தபோது எல்லோரும் அவரவர் ஸ்வெட்டரை வாரிக்கொண்டு ஓடிவிட்டார்கள். குழாயில் மிஞ்சியது ஒரு யூனிபார்ம் மட்டும். பள்ளிக்கூட பேட்ஜும் பெயரும் தைத்த நீலக் கவுன். தவமணியின் மகளுடையது. ஜி.எம். போனை எடுத்து அதை நாலு பக்கமும் போட்டோ எடுத்தார்.

தவமணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் தாத்தா காலத்தில் சிலோன் தோட்டத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டையர் ஆனதும் எஸ்டேட்டில் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. புருஷன் கேரட் மூட்டை ஏற்றப் போய் முதுகு பிடித்து வீட்டோடு இருந்தான். அவள் கம்பெனியில் பல வருஷமாக கான்ட்ராக்ட். சோதனை தேறினால் நிரந்தரம் ஆகிறவர்களில் அவளும் ஒருத்தி.

அடுத்த நாள் ஜி.எம். என் மேசைக்கு வந்தார். பஸ்ஸில் மாட்டிப் பார்க்கும் தேதி நெருங்கிவிட்டது, செய்த சரக்கில் நல்ல சத்தம் வருவதாகப் பொறுக்கி முத்திரை குத்திக் கொடுங்கள் என்றார். ஒரே தட்டுப் பொடியில் செய்தது சார், இன்றைக்கு நல்ல சத்தம் கொடுத்தாலும் பர்லியார் போவதற்குள் சூட்டில் பிளந்துவிடும் என்றேன். சோதனை ஓட்டம் தாங்கினால் போதும் என்றார். அப்போதுதான் எனக்கு வேறொன்று புரிந்தது. சரக்கு தோற்க வேண்டும் என்று இவர் நினைக்கவே இல்லை. தேறினால் பாதிப் பங்கோடு முதலாளியின் கடனையும் அரசாங்கம் ஏற்கும். அதற்குப் பிறகு பஸ் பள்ளத்தில் போனால் அது அரசாங்கத்தின் தலைவலி. முத்திரைக் கட்டையைக் கோட்டுப் பையில் போட்டு, பையை மூடி, கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டேன். கொடுக்கவில்லை.

ராமலிங்கம் சார் அந்தச் சரக்கை மொத்தமாக உடைக்கச் சொல்லிவிட்டு, அரசாங்கத்திடம் அவகாசம் கேட்டார். அவகாசம் சும்மா கிடைக்குமா? ஏன் தாமதம் என்று விசாரிக்கச் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.

விசாரணைக்கு முன்னால் பெள்ளி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஜி.எம். வழி சொல்லிவிட்டாராம். பூட்டிய அறைக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தது ஒரு கான்ட்ராக்ட் ஆள், அவளை நீக்கிவிட்டோம், இனி நடக்காது என்று சொன்னால் அவகாசம் கொடுத்துவிடுவார்களாம். கம்பெனி பிழைக்குமாம்.

"ஒருத்தி போனாப் போவுதுங்க அக்கா. மத்த எல்லார் ஊட்டுலயும் அடுப்பு எரியோணுமில்லங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். அதனால்தான் எனக்கு அதிகமாக எரிச்சல் வந்தது.

தவமணி கான்ஃபரன்ஸ் ஹாலுக்கு வெளியே சுவரோரம் நின்றிருந்தாள். அழவில்லை. "நானாப் போடலக்கா. சார் போடலாம்னாருன்னு எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன். என்னோடதுல மட்டும் பேரு இருந்திருச்சு" என்றாள்.

ராமலிங்கம் சாரின் உத்தரவு வாய்வார்த்தைதான். காகிதத்தில் இல்லை. அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், சகலமும் சுபமாக முடிந்துவிடும். அப்படித்தான் செய்வார் என்று நான் சத்தியம் செய்திருப்பேன். கொப்பளத்தைப் பற்றிச் சொல்ல என்னை உள்ளே கூப்பிட்டார்கள். சொன்னேன். பிறகு ஜி.எம். போட்டோவைக் காட்டி, அனுமதியில்லாமல் நுழைந்தது என்று ஆரம்பித்தார்.

மூன்று பேரில் நடுவில் இருந்த அம்மையார், அனுமதி கொடுத்தவர் யாராவது உண்டா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

சாரும் ஒரு மரியாதைக்குக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார். "நான்தாங்க. கதவைத் திறந்தே வைக்கச் சொன்னதும் நான், துணி காயப் போடச் சொன்னதும் நான். பொடி ஈரம் இழுக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பொண்ணு என் பேச்சைக் கேட்டு நடந்துக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

எழுத்தில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார் ஜி.எம்., அவசரமாக, அவரைக் காப்பாற்றுகிற தோரணையில்.

"இப்ப எழுதித் தர்றேன்" என்றார் சார்.

எனக்கு மனசு ஓடிக்கொண்டிருந்தது. இவருக்கு இதில் என்ன லாபம்? யாரைச் சிக்கவைக்கப் பார்க்கிறார்? எந்தப் பதவிக்கு அடி போடுகிறார்? எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அவகாசம் கிடைத்தது. சாரைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கிளம்புகிற அன்று என் மேசைக்கு வந்து, போய்வருகிறேன் என்றார். நான் சும்மா விடவில்லை. "சார், மனசுல வச்சுக்கிட்டுப் பேச எனக்குத் தெரியாதுங்க. இதுல உங்களுக்கு என்ன கெடைச்சுது?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. மஃப்ளரைக் கொஞ்சம் தளர்த்தினார். "வந்த நாள்லருந்து எல்லாரும் இதைத்தான் என் முதுகுக்குப் பின்னால கேட்டாங்க. முகத்துக்கு நேரா கேட்டது நீங்கதாங்க" என்றார். பதில் சொல்வார் என்று காத்திருந்தேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் கேன்டீனில் பேச்சு ஓயவில்லை. மேலே ஏதோ பெரிய இடம் கிடைத்திருக்கிறது என்றார் ஒருவர். முதலாளியிடம் வாங்கியிருப்பார் என்றார் இன்னொருவர். வழியனுப்பு ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை.

மழை விட்டதும் புதிதாகச் சரக்குச் செய்தோம். நானே ஒவ்வொன்றாகத் தட்டி முத்திரை குத்தினேன். மலைப்பாதை பஸ்ஸில் மாட்டி ஓட்டினார்கள், தேறியது. ஆர்டர் வந்தது. கம்பெனி பிழைத்தது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு நிரந்தர உத்தரவு வந்த அன்று தவமணி ஸ்வீட் டப்பாவோடு நேராக என்னிடம்தான் வந்தாள். டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை.

"மொதல்ல சாருக்கு ஒரு போனைப் போட்டுக் குடுங்கக்கா. அவருக்குச் சொல்லிட்டுத்தான் மத்தவங்களுக்கு" என்றாள்.

நம்பரைத் தேடினோம். ஆபீஸ் கொடுத்திருந்த சிம்மை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெள்ளி அண்ணனைக் கேட்டேன். ஸ்டோர்ஸில் கேட்டேன். டைம் ஆபீஸில் கேட்டேன். அவர் எந்த ஊர், என்ன ஆட்கள், எந்தக் கட்சிக்கு வேண்டியவர், மச்சான் எங்கே வேலை பார்க்கிறான், மகள் எந்தக் காலேஜ், சென்னையில் சொந்த வீடா வாடகை வீடா, இதற்கு முன்னால் போன இடத்தில் என்ன பிரச்சினை என்று ஆளாளுக்கு அத்தனையும் விசாரித்து வைத்திருந்தோம்.

"ஒருத்தர்கிட்டயுமா நம்பர் இல்ல?" என்றாள் தவமணி, டப்பாவைக் கையில் வைத்தபடியே.

இல்லை என்றேன்.